ரோபோவில் பேட்டரி: வெல்க்ரோ பட்டையா, அலுமினியக் கூண்டா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிகளில் போட்டி ரோபோ கட்டும் பிள்ளைகள் மோட்டாருக்காக உடைத்துக்கொள்ளும் மண்டையில் பாதியைக்கூட பேட்டரிக்காக உடைப்பதில்லை. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் சின்ன 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியே ஏறக்குறைய 2 கிலோ. எதிராளியை மோதி ரோபோ நின்றாலும் பேட்டரி நிற்காது, போகத்தான் பார்க்கும்.

வெல்க்ரோ பட்டை மலிவு. இரண்டு சுற்றுக்கு நடுவே சட்டென்று பேட்டரியை மாற்றலாம். சின்ன லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வைத்து, தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு இதுவே தாராளம். ஆனால் தூசி ஏற ஏறப் பிடி தளரும். அப்புறம், பட்டை பேட்டரியை மேலே கிளம்ப விடாது, சரி. பக்கவாட்டில் நழுவுவதை அவ்வளவாகத் தடுக்காது.

கூண்டு என்றால் நாலு பக்கமும் எல்-ஆங்கிள் (‘L’ வடிவ அலுமினியப் பட்டை), மேலே ஒரு குறுக்குத் தகடு. ஊரில் எந்த கிரில் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். எடை கூடும், கழற்ற நேரமாகும். இங்கே கவனிக்க வேண்டியது திருகு. அதன் முனை உள்ளே நீட்டவே கூடாது. லிபோவின் உறை மெல்லியது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கலாம். முனையும் நட்டும் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே ஃபோம் ஒட்டுங்கள். ஈய-அமிலம் என்றால் இரண்டு டெர்மினலுக்கும் ரப்பர் மூடி கட்டாயம். இரண்டும் அலுமினியத்தில் பட்டால் ஷார்ட்தான்.

மோதல் போட்டிக்கு என் ஓட்டு கூண்டுக்கே, அதுவும் சக்கரங்களுக்கு நடுவே, தாழ்வாக. பூட்டியதும் மின் இணைப்பு கொடுக்காமல் ரோபோவைக் கவிழ்த்து உலுக்குங்கள். ‘டக்’கென்று சத்தம் கேட்டால் ஃபோம் போதவில்லை.