மியூச்சுவலா, கன்டெஸ்டா? பிள்ளை இருக்கும்போது எந்த வழி?

விவாகரத்து என்று முடிவாகி வக்கீலிடம் போனால், அவர் முதலில் கேட்பது இதைத்தான்: "மியூச்சுவலா, கன்டெஸ்டா?" அதாவது, இருவரும் சம்மதித்துப் பிரிவதா, ஒருவரை ஒருவர் எதிர்த்து வழக்காடுவதா? எது சீக்கிரம் முடியும், எதற்குச் செலவு குறைவு என்று பார்த்துப் பலரும் பதில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை இருந்தால் அந்தக் கணக்கு போதாது. பிள்ளை யாரிடம் வளரும், அதற்கான பணம் மாதாமாதம் எப்படி வரும் என்ற இரண்டையும் எந்த வழி உறுதியாகக் கட்டிக் கொடுக்கும் என்பதுதான் முக்கியம். இங்கே நான் பேசுவது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை வைத்து. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் விதிகள் வேறு.

மியூச்சுவல், அதாவது பரஸ்பர சம்மதம் என்பது அந்தச் சட்டத்தின் 13பி பிரிவு, 1976-இல் சேர்த்தது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வீடு மாறியே ஆக வேண்டும் என்பதில்லை, கணவன் மனைவியாக வாழவில்லை என்பதே போதும். முதல் மனு போட்டு ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி நீதிமன்றம் வந்து உறுதி சொல்ல வேண்டும், இதைத்தான் இரண்டாம் மனு என்பார்கள். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் அந்தச் சலுகை கிடைக்காது. பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் பேசி முடித்திருக்க வேண்டும். இந்த வழியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நகையும் பணமும் கைமாறிய பிறகு ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் நடுத்தெருவில்தான். அதனால் தொகையை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை இரண்டாம் மனு நாளில் தருவதாக எழுதுவது நல்லது.

எதிர்த்து நடத்தும் வழக்கில் கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டது போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும். மனு, எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் போகும். குடும்ப நல நீதிமன்றம் முதலில் ஆலோசனைக்கு அனுப்பும். சண்டையாகத் தொடங்கிய பல வழக்குகள் அங்கேயோ சமரச மையத்திலோ மியூச்சுவலாக மாறி முடிகின்றன. அப்படியென்றால் முதலிலேயே பேசி முடிக்கலாமே என்று தோன்றும். இருவரும் சமமான பலத்தோடு பேச முடிந்தால் அதுதான் சரி.

அடிதடி இருக்கிற வீட்டில் அந்தச் சமம் கிடையாது. பயந்து போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். அங்கே 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டு, பாதுகாப்பு, தங்கும் உரிமை, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு மூன்றையும் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். விவாகரத்து அப்புறம். வருமானத்தை மறைக்கிறவரோடும் மியூச்சுவல் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான். 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டலின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அதை நோட்டீஸ் கிடைத்த 60 நாளில் முடித்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு, நடைமுறையில் அதற்கும் மேலே இழுக்கும்.

இனி பிள்ளை. ஐந்து வயது முடியாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து சிறார், காப்பாளர் சட்டம். அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். வழக்காடினால் இந்த நலனைப் பற்றி நீதிபதி முடிவெடுப்பார். அவர் வாரம் ஒருமுறை, இத்தனை மணி நேரம், இந்த இடம் என்று ஒரு சந்திப்பு உத்தரவு போடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன, ஆண்டு விடுமுறை யாரோடு, ஊர் மாறினால் எப்படி என்பதெல்லாம் அந்த உத்தரவில் அடங்காது. மியூச்சுவலில் இவற்றை நீங்களே எழுத முடியும். அந்த வழியை நான் விரும்பக் காரணமே இதுதான். ஆனால் நிறையப் பேர் "குழந்தை தாயிடம், தந்தை பார்க்கலாம்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு, அடுத்த மாதமே சண்டைக்கு வருகிறார்கள். கிழமை, நேரம், யார் கொண்டுவந்து விடுவது, வீடியோ அழைப்பு, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பாஸ்போர்ட் சம்மதம் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் வளர வளர ஏற்பாடு மாற வேண்டியிருக்கும். விவாகரத்துக்குப் பிறகும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மனு போட்டு மாற்றலாம், இரண்டு வழிக்கும் இது பொது.

பண விஷயத்தில் மனைவிக்கு மொத்தமாக ஒரே தொகையாக வாங்குவது எனக்குச் சரியாகவே படுகிறது, ஒவ்வொரு மாதமும் கையேந்த வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் மாதத் தொகை, ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் கூடும் என்ற வரியோடு. ஒன்றாம் வகுப்புச் செலவை வைத்துப் பேசிய தொகை கல்லூரிக்குப் போதுமா? "பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் அது பிள்ளையின் உரிமையைப் பறிக்காது, தாய் விட்டுக்கொடுக்க அது அவருடையது அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 144, அதன்படி பிள்ளைக்காகத் தனியாக மனு போடலாம். உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால், அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். தருவார் தருவார் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து, வந்ததைக் கொடுங்கள் என்று மியூச்சுவலுக்குத் தலையாட்ட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். ஒப்பந்த வரைவு கையில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.