‘வேலை உறுதி’ என்று சொல்லும் சாஃப்ட்வேர் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஐ.டி. வேலை போய், புது டெக்னாலஜி படித்தே ஆகணும் என்ற பதற்றத்தில் சென்னையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழு மாதத்துக்கு முன் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் 96,000 ரூபாய் கையில் நின்றிருக்கும்.

நான் 16 வருடம் மெயின்ஃப்ரேமில், அதாவது பெரிய கம்பெனிகளின் கணக்குகள் ஓடும் பழைய பெரிய கம்ப்யூட்டரில், வேலை பார்த்தேன். கோபோல், ஜே.சி.எல்., டி.பி.2 என்று அதன் மொழிகளும் டேட்டாபேஸும். ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு புரொடக்‌ஷன் சப்போர்ட். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். எஸ்-ஜீரோ-சி-செவன் என்ற பிழையோடு, ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் நின்று கிடக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எந்த ரெக்கார்டில் குப்பை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, விடிவதற்குள் ஓட்டிவிடுவேன். கிளையண்ட் அந்த சிஸ்டத்தை கிளவுடுக்கு மாற்றி முடித்ததும் எங்கள் டீம் மொத்தமும் பெஞ்சுக்கு, அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலைக்கு, வந்தது. அப்புறம் எச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதச் சம்பளம் கிடைத்தது.

வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமைப் புதுப்பித்த மறுநாளே வேளச்சேரியிலிருந்து ஒரு பயிற்சி நிலையம் கூப்பிட்டது. “மேடம், மெயின்ஃப்ரேமுக்கு இப்போ ஓப்பனிங்கே இல்லை. டெவ்ஆப்ஸ் படிங்க, மூணு மாசத்தில் வேலை கேரண்டி.” டெவ்ஆப்ஸ் என்றால், எழுதிய சாஃப்ட்வேரைத் தானாகவே சோதித்து சர்வரில் ஏற்றி ஓட்டும் வேலை. சனிக்கிழமை டெமோ வகுப்பு, இலவசம். விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு மொபைல் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. சுவர் முழுக்க, வேலை கிடைத்ததாகச் சொல்லும் பிள்ளைகளின் போட்டோ. அன்று வந்த பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டியவர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. எங்கள் வயதுக்காரர்களைத் தேடித்தான் போன் போடுகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

பணம் கட்டிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய பொறி அங்கேதான் இருந்தது. மொத்தமாகக் கட்ட முடியாது என்றேன். “பரவாயில்லை மேடம், மாசம் 8,000, பன்னிரண்டு மாசம், வட்டியே கிடையாது” என்று கவுன்டரில் இருந்த பெண் என் போனை வாங்கி ஒரு ஆப்பை இறக்கினாள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, டெபிட் கார்டு. நடுவில் மூன்று தடவை ஓ.டி.பி. வந்தது. மூன்றையும் வாய்விட்டுப் படித்துச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று ராத்திரி வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் தூக்கிவாரிப் போட்டது: உங்கள் பர்சனல் லோன் வழங்கப்பட்டது, தொகை 96,000. அதாவது நான் பயிற்சி நிலையத்துக்குத் தவணையில் கட்டவில்லை. என் பெயரில் ஒரு கடன் வாங்கி முழுப் பணமும் அன்றே அவர்கள் கைக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் என் கணக்கிலிருந்து 5-ம் தேதி 8,000 போகும். நிறுத்தினால், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளில் ‘கூலிங் ஆஃப்’ என்று ஒரு அவகாசம் இருக்கிறது. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் திருப்பிக் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் கடனிலிருந்து வெளியே வந்துவிடலாம். எத்தனை நாள் என்பது கடன் கொடுப்பவர் தரவேண்டிய ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற கடன் விவரத் தாளில் இருக்கும். எனக்கு அது மெயிலில் வந்திருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தயவுசெய்து நீங்கள் திறந்து பாருங்கள்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னட்டிஸ் என்று டெவ்ஆப்ஸ் கருவிகளின் பெயர்கள் ஓடின. பழைய வீடியோவை புரொஜெக்டரில் போட்டுவிட்டு ஒரு தம்பி பக்கத்தில் நிற்பார். சந்தேகம் கேட்டால் “அடுத்த செஷன்ல வரும்” என்பார். அந்த செஷன் வரவே இல்லை.

பத்தாவது வாரம் ‘ரெஸ்யூம் பிரிப்பரேஷன்’ என்று கூப்பிட்டார்கள். ஒரு பையன் என் ரெஸ்யூமைத் திறந்தான். கர்சரை மேலிருந்து கீழே இழுத்தான். என் 16 வருடமும் நீல நிறமானது. ஒரு பட்டன் தட்டினான், பக்கம் வெள்ளையானது. “மேடம், இவ்வளவு எக்ஸ்பீரியன்ஸ் போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க. பெங்களூர் கம்பெனி ஒண்ணுல அஞ்சு வருஷம் டெவ்ஆப்ஸ்னு போட்டுடலாம். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் நாங்களே தர்றோம். அதுக்குத் தனியா 60,000.” இன்டர்வியூவுக்கு வேறு ஆள் பதில் சொல்வாராம், கேமரா முன்னால் நான் உதட்டை அசைத்தால் போதுமாம். அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

என்னோடு படித்த ஒரு தம்பி ஒத்துக்கொண்டார். வீட்டுக் கடன், சின்னக் குழந்தை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்றாவது மாதம், பழைய வேலை உண்மையா என்று சரிபார்க்கும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டி, ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார். மாட்டாமல் இருக்க வழியே இல்லை. 2014 முதல் பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதிக்கு) யு.ஏ.என். என்று ஒருவருக்கு ஒரே எண்தான், கம்பெனி மாறினாலும். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அதில் வரிசையாக இருக்கும். பெங்களூரில் இருந்ததாகச் சொல்லும் அந்த ஐந்து வருடமும் நிஜமான பழைய கம்பெனி அவர் பெயரில் மாதாமாதம் பி.எஃப். கட்டியிருக்கிறது. ‘அந்தக் கம்பெனியில் பி.எஃப். இல்லை’ என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயம் என்பது எந்த எச்.ஆருக்கும் தெரியும். போதாததற்கு, அந்த வருடங்களில் சம்பளத்தில் யார் வரி பிடித்தார்கள் என்பது வருமான வரித் துறையின் ஃபார்ம் 26ஏ.எஸ்.ஸில் இருக்கும்.

இப்போது அந்தத் தம்பி, பொய்யாகப் போட்ட ஐந்து வருடத்தோடு சேர்த்து, உண்மையாக உழைத்த வருடங்களையும் வெளியே சொல்லத் தயங்குகிறார். எனக்கு இதுதான் தாங்கவில்லை. நம் ஸ்கில் பழசு என்பது உண்மைதான். ஆனால் உழைத்த வருடங்களே அவமானம் என்று நம்மை நம்பவைத்து, அதை அழிக்க நம்மிடமே காசு வாங்குகிறார்கள்.

பிறகு நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவில் உட்கார்ந்து படித்தேன். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கிளவுட் வகுப்பு இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். டாக்கருக்கும் குபர்னட்டிஸுக்கும் அவர்கள் தளத்திலேயே பாடம் இருக்கிறது. 16 வருடத்தையும் ரெஸ்யூமின் தலையில் போட்டேன். பழைய சிஸ்டத்தை ஜாவாவுக்கு மாற்ற வேண்டுமென்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று பழைய டீம் லீட் ஒருவர் சொல்லி, ஒரு வங்கி புராஜெக்டுக்கு அனுப்பினார். இன்டர்வியூவில் முதல் கேள்வி: “காம்ப்-3 ஃபீல்டில் தப்பான டேட்டா வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” மெயின்ஃப்ரேமில் எண்களைச் சுருக்கி வைக்கும் இடம் அது; நான் ராத்திரி ராத்திரியாகத் தேடிப் பிடித்த அதே குப்பைதான். ஒரு மணி நேரம் பேசினோம். ஒப்பந்த வேலைதான், பழைய சம்பளத்தில் முக்கால்வாசிதான். ஆனால் காட்டிய காகிதம் எல்லாம் என்னுடையது.

பணத்துக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன். பயிற்சி நிலையத்துக்கும் கடன் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். கடன் நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அதற்கான உதவி எண் 14448. பயிற்சி நிலையத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வேலை கேரண்டி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ரசீது யார் பெயரில், எந்த ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கிறது என்றும் பாருங்கள். என் ரசீதில் இருப்பது போர்டில் இருக்கும் பெயரே இல்லை.

எனக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி. அந்த இரண்டாம் மாடியில் சனிக்கிழமை டெமோ வகுப்பு இன்னும் நடக்கிறது.