98-ஆ, 95-ஆ, 91-ஆ: ரோட்டரி எஞ்சினுக்கு எந்தப் பெட்ரோல்?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிற பையன்களில் சிலருக்கு, கையில் கொஞ்சம் காசு நின்றதும் ஒரு பைத்தியம் பிடிக்கிறது: செகண்ட்ஹேண்டில் ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இந்தியாவில் மாஸ்டா அதை விற்றதே இல்லை, அதனால் ஊர் மெக்கானிக் யாரிடமும் விசாரிக்க வழியில்லை. பார்க்க அழகு, பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின், 9,000 ஆர்பிஎம் வரை அலுங்காமல் ஏறும். வாங்கிய ஒரே வாரத்தில் பெட்ரோல் செலவு கண்ணைக் கட்டும். உடனே அவர்களுடைய 'காக்கா'வான (அண்ணனான) எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: "காக்கா, 98 போட்டா மைலேஜ் கூடுமா? இல்ல 91-லயே ஓட்டிரலாமா?"

95 போடு, மைலேஜை மறந்துவிடு என்பதுதான் என் பதில். ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

எமிரேட்ஸ் பெட்ரோல் பங்க்குகளில், பெயரிலேயே ஆக்டேன் எண்ணோடு, மூன்று வகை கிடைக்கும்: சூப்பர் 98, ஸ்பெஷல் 95, ஈ-பிளஸ் 91. விலை மாதாமாதம் மாறும். 2025 ஜனவரியில் லிட்டர் 2.61, 2.50, 2.43 திர்ஹம் என்று இருந்தது. மொத்த விலை ஏறி இறங்கினாலும் மூன்றுக்கும் இடையிலான தூரம் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் ஆக்டேன் என்றால் என்ன என்பதில் இருக்கும் குழப்பம் தீரவேண்டும். பெரிய நம்பர் என்றால் பெட்ரோலில் சக்தி அதிகம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க்கின் தீ வந்து சேருவதற்குள் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான எண் அது. தாங்காமல் வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். நம் கடற்கரையில் இதற்குச் சாட்சி கண் முன்னாலேயே இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டாரைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் அடிமட்டம். ஆனாலும் மோட்டார் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகிறது, ஏனென்றால் அதன் கம்ப்ரஷன், அதாவது கலவையை எஞ்சின் நசுக்கும் அளவு, அதற்கேற்பக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் கேட்கிற அளவு ஆக்டேன் இருந்தால் சரி. அதற்கு மேல் ஊற்றுவதை எஞ்சின் கண்டுகொள்ளாது.

ரோட்டரி எவ்வளவு கேட்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம். ஆர்எக்ஸ்-8-இன் ரெனெசிஸ் எஞ்சினில் கம்ப்ரஷன் 10-க்கு 1. சாதாரண பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிட்டால் இது நடுத்தரம்தான். அதோடு ரோட்டரியின் வடிவமே நாக்கிங்கைத் தள்ளிப்போடுகிறது. முக்கோண ரோட்டர் சுற்றும் அந்த அறையில் காற்றும் பெட்ரோலும் நுழைவது ஒரு பக்கம், எரிவது இன்னொரு பக்கம். புதுக் கலவை எப்போதும் குளிர்ந்த பக்கமாகவே உள்ளே வரும். பிஸ்டன் எஞ்சினில் தகதகவென்று சூடாகி நாக்கிங்கைத் தூண்டிவிடும் எக்சாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் கதவு) இங்கே கிடையாது, வால்வே கிடையாது. எரியும் அறை நீளமாக, மெலிதாக இருப்பதால் சுற்றிலும் இரும்பும் அலுமினியமும் கலவையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கடைசி மூலையில் மிச்சமிருக்கும் கலவையின் சூட்டை அவை உறிஞ்சிவிடும். போதாததற்கு ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அந்தக் காலத்து ரோட்டரி கார்கள் மட்டமான பெட்ரோலிலும் ஓடும் என்று பெயர் எடுத்தது இதனால்தான்.

இப்போது அதே வடிவத்தை மைலேஜ் பக்கத்திலிருந்து பாருங்கள். கலவையின் சூட்டை உலோகம் உறிஞ்சுகிறது என்றேன் அல்லவா? அந்தச் சூடு வண்டியைத் தள்ளவேண்டிய சூடு. அது ரேடியேட்டருக்குப் போகிறது. நீளமான அறையின் வால்பக்கம்வரை தீ முழுதாகப் போய்ச் சேராது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்களின் (கசிவைத் தடுக்கும் பட்டைகளின்) ஓரமாகக் கொஞ்சம் கசிவு வேறு. ஆக, நாக்கிங் எளிதில் வராததற்கும் மைலேஜ் தராததற்கும் காரணம் ஒன்றேதான். ஆக்டேனைக் கூட்டி இந்தத் தாகத்தைத் தீர்க்க முடியாது. அந்த அறையின் அமைப்பை எந்தப் பெட்ரோலும் மாற்றாது. அமெரிக்க அரசின் மைலேஜ் கணக்கில் மேனுவல் கியர் ஆர்எக்ஸ்-8-க்கு நகரத்தில் கேலனுக்கு 16 மைல், நெடுஞ்சாலையில் 22. நம் கணக்கில் லிட்டருக்கு ஏழுக்குக் கொஞ்சம் கீழே, ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. வெறும் 1.3 லிட்டர் எஞ்சின் என்று பேப்பரில் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

அமெரிக்கா பேச்சு வந்ததால் ஒன்று. "அங்கே 87 போட்டே ஓட்டுறாங்களே, நாம எதுக்கு 95?" என்று ஒருவர் விடாமல் கேட்பார். அளவுகோலே வேறு. எமிரேட்சிலும் இந்தியாவிலும் எழுதுவது ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற எண். அமெரிக்கப் பம்ப்பில் எழுதுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் நம்பர்) என்ற இரண்டு சோதனைகளின் சராசரி, அதனால் எண் சின்னதாகத் தெரியும். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம் 91. அவர்கள் ஊர் கையேட்டில் ஆர்எக்ஸ்-8-க்குச் சொல்லியிருக்கும் 91 பிரீமியம், நமக்கு 95, 96-க்குச் சமம்.

சரி, மூன்றையும் பக்கத்தில் வைப்போம்.

91-ல் வண்டி ஓடும், எஞ்சின் சாகாது. நாக் சென்சார் சத்தத்தைப் பிடித்தால் கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிவிடும். குளிர்காலத்தில் காலையில் வேலைக்குப் போய்வந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஆகஸ்ட் மதியம், வெளியே 45 டிகிரி, ஏசி முழுதாக ஓடுகிறது, வண்டியில் நாலு பேர், ஜெபல் ஜைஸ் மலையேற்றம். அங்கே டைமிங் பின்வாங்கும், பிக்கப் மந்தமாகும், கூட அழுத்துவீர்கள், பெட்ரோல் கூடக் குடிக்கும். அந்த ஜனவரி விலையில் 95-க்கும் 91-க்கும் லிட்டருக்கு வித்தியாசம் 7 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்). சுமார் 60 லிட்டர் டாங்கை நிரப்பினால் நாலு திர்ஹம் சொச்சம். ஒரு ஷவர்மா காசை மிச்சம்பிடிக்க இந்தத் தொல்லை தேவையா?

98-ன் கணக்கு வேறு மாதிரி. அதே விலையில் 95-ஐவிட 11 ஃபில்ஸ் அதிகம், அதாவது 4.4 சதவீதம். போட்ட காசு திரும்ப வரவேண்டுமானால் மைலேஜும் 4.4 சதவீதம் ஏறவேண்டும். 91-லிருந்து தாவினால் 7.4 சதவீதம். 95-லேயே நாக்கிங் இல்லாமல் ஓடுகிற எஞ்சினில் அந்த ஏற்றம் எங்கிருந்து வரும்? "எனக்கு வந்துச்சு, அளந்து பார்த்தேன்" என்பார்கள். அளந்தது எப்படி என்று கேட்டால், ஒரு டாங்க் இது, ஒரு டாங்க் அது. பம்ப் நாசில் ஆட்டோ கட் ஆவது ஒவ்வொரு பம்ப்பிலும் ஒவ்வொரு மாதிரி. 50 லிட்டரில் ஒரு லிட்டர் முன்பின் கட் ஆனாலே 2 சதவீதம் பிசகிவிடும். ஒரு வாரம் ஷார்ஜா நெரிசலில் நின்றிருப்பார், மறுவாரம் அபுதாபிவரை ஒரே சீராகப் போயிருப்பார். அந்த வித்தியாசத்துக்கு முன்னால் ஆக்டேன் வித்தியாசம் காணாமலே போய்விடும்.

98-ஐ யோசிக்காமல் போடவேண்டிய ரோட்டரி ஒன்று உண்டு: காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த பழைய ஆர்எக்ஸ்-7. டர்போ அழுத்தத்தில் ரோட்டரியின் பொறுமை தீர்ந்துவிடும். நாக்கிங் வந்தால் அபெக்ஸ் சீல் உடையும், அப்புறம் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அந்த வண்டி வைத்திருப்பவரிடம் ஃபில்ஸ் கணக்கு பேசாதீர்கள்.

ஆர்எக்ஸ்-8-இல் மைலேஜ் உண்மையிலேயே ஓடிப்போகும் ஓட்டை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். மொத்தம் நாலு காயில், நாலு பிளக். காயில் ஒரேயடியாகச் சாகாமல் மெல்ல மெல்லப் பலவீனமாகும். ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) லேசான நடுக்கம், சைலன்சரில் எரியாத பெட்ரோல் வாசம், மைலேஜ் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கும். ஓட்டுகிறவர் பெட்ரோல் சரியில்லை என்று பங்க்கை மாற்றுவார், 95-லிருந்து 98-க்குப் போவார். அதற்குள் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அடைத்துவிடும். மைலேஜ் திடீரென்று குறைந்தால் முதலில் காயிலையும் பிளக்கையும் பாருங்கள். அடுத்தது, ஏசிக்காக வண்டியை நிறுத்திவைத்து ஓடவிடும் பழக்கம். ரோட்டரி ஐட்லிங்கிலும் நன்றாகவே குடிக்கும்.

சிலர் டாங்கில் லிட்டருக்கு 4, 5 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பார்கள், சீல்களுக்கு வழவழப்பு கிடைக்கட்டும் என்று. பாம்பன் பக்கம் அவுட்போர்டுக்கு 50-க்கு 1 கலந்து பழகிய குடும்பத்துப் பையன்களுக்கு இது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஆயில் ஆக்டேனைக் கூட்டாது, துளி குறைக்கத்தான் செய்யும். மைலேஜுக்காக அதைச் செய்யாதீர்கள்.

இனி ஊர்க் கதை. விடுமுறையில் வருகிற இதே பையன்கள், வீட்டு ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பும்போது, பங்க்கில் பந்தாவாக எக்ஸ்பி95 என்ற பிரீமியம் பெட்ரோலைப் போடச் சொல்கிறார்கள். இங்கே சாதாப் பெட்ரோலுக்குப் பல ஆண்டுகளாக விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச ஆக்டேன் 91, பிரீமியம் 95, பெரிய நகரங்களில் 100-ம் உண்டு. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம், அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை சாலை பலகைபோலச் சமதளம். வழியில் இருக்கும் ஒரே ஏற்றம் பாலம்தான். நாக்கிங் வருமளவுக்கு எஞ்சினுக்குப் பாரமே ஏறாத சாலையில் ஆக்டேனுக்கு என்ன வேலை? பாலத்தில் அடிக்கும் எதிர்க்காற்று மைலேஜை மாற்றும் அளவுக்கு அந்த 95 மாற்றாது.

இன்னொரு பக்கம், நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், இ20 என்பது அதுதான். எத்தனாலின் ஆக்டேன் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. ஆக்டேன் ஏறி மைலேஜ் இறங்குவதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

டர்போ பெட்ரோல் கார் வைத்திருந்து, நாலு பேரோடும் சாமானோடும் கொடைக்கானல் ஏறுகிறவர் 95 போட்டால் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் டாங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 91 என்றோ இ20 என்றோ மட்டும் இருந்தால் சாதாவே போதும். மிச்சமாகும் காசில், தனுஷ்கோடி போய்வந்த மறுநாள் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அங்கே சாலையின் இருபுறமும் கடல். உப்பு சேஸிஸில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும்.