யூர்-லெக்ஸ்: கொழும்பில் ஐரோப்பியச் சட்டம் கற்பிக்க இது போதுமா?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தையும் பொருளாதார ஆளுகையையும் கொழும்பில் கற்பிப்பவர், கட்டணத் தரவுத்தளம் எதுவும் இல்லாமலே மூல ஆவணங்களில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். ஒன்றியத்தின் வெளியீட்டு அலுவலகம் நடத்தும் சட்டத் தளமான யூர்-லெக்ஸ் இலவசம். வாசிக்கப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. ஆனால் சொற்களைத் தட்டித் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். இலக்கம் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தளம்.

அந்த இலக்கத்துக்குப் பெயர் செலெக்ஸ். ஜீ.எஸ்.பி. பிளஸ் எனும் இறக்குமதித் தீர்வைச் சலுகைக்கு அடிப்படையான 978/2012 ஒழுங்குவிதியைப் பாருங்கள். சட்டவாக்கத்துக்குரிய 3, பிறகு ஆண்டு 2012, ஒழுங்குவிதியைக் குறிக்கும் 'ஆர்', கடைசியில் 0978. இடைவெளி விடாமல் தட்டினால் ஆவணம் நேரே திறக்கும். உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய டிரெக்டிவுக்கு 'எல்', தீர்மானத்துக்கு 'டி'. கடைசிப் பகுதி நான்கு இலக்கமாக இருக்க வேண்டும். முன்னாலுள்ள பூச்சியத்தை விட்டால் கிடைக்காது. 2014 வரை ஒழுங்குவிதிகளில் ஆண்டு பின்னால் வரும், 2015 ஜனவரியிலிருந்து முன்னால். அதனால்தான் இலங்கையின் சலுகையை இடைநிறுத்தியது 143/2010 என்றும், திருப்பித் தந்தது 2017/836 என்றும் எழுதப்படுகின்றன.

வழக்குகள் 6இல் தொடங்கும். ஒன்றியத்தின் உயர் நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு 'சிஜே', அதற்குக் கீழுள்ள பொது நீதிமன்றத் தீர்ப்புக்கு 'டிஜே', தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குக் கருத்துச் சொல்லும் அட்வகேட் ஜெனரலின் கருத்துரைக்கு 'சிசி'. இதில் வரும் ஆண்டு வழக்குப் பதிவான ஆண்டு, தீர்ப்பு வந்த ஆண்டல்ல. விடுதலைப் புலிகள் தொடர்பான மேன்முறையீடு 599/14. தீர்ப்பு வந்ததோ 2017 ஜூலை 26. 2017 என்று போட்டுத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். கொழும்பு வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைப்பது அரிது: ஓர் அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் வைக்க ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடொன்றின் முடிவை ஆதாரமாகக் கொள்வதானால், அங்கே எதிர்வாத உரிமையும் நீதிமன்றப் பாதுகாப்பும் இருந்தனவா என்பதை உறுப்பு அரசுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சில் முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறது அது.

திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஒருங்கிணைந்த பதிப்பு வாசிக்க வசதி. விரிவுரைக்கு அதுவே போதும். ஆனால் அதற்குச் சட்ட வலு இல்லை. முகவுரைப் பந்திகளும் பெரும்பாலும் அதில் இருக்காது. ஒரு விதியின் நோக்கத்தை வைத்து வாதிடும் ஆய்வேட்டுக்கு அந்தப் பந்திகள்தான் உயிர். ஆகவே மேற்கோளுக்கு உத்தியோகபூர்வ இதழில் வந்த மூலத்துக்கே போக வேண்டும். இன்னொன்று, 2023 அக்டோபர் முதல் அந்த இதழில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வெளியாகிறது. பழையபடி தொடர் பக்க எண் கிடையாது. பக்க எண் கேட்கும் பழைய மேற்கோள் முறையை மேற்பார்வையாளர்கள் இனியாவது கைவிடலாம்.

பொருளாதார ஆளுகைப் பாடத்தில்தான் பொறி அதிகம். உறுப்பு நாடுகளின் பற்றாக்குறையையும் கடனையும் கட்டுப்படுத்தும் உறுதிப்பாடு, வளர்ச்சி உடன்படிக்கையின் தடுப்புப் பகுதி 1466/97இல் இருந்தது. அதை 2024 ஏப்ரல் 29ஆம் திகதிய 2024/1263 நீக்கிவிட்டது. திருத்தப் பகுதியான 1467/97 உயிரோடிருக்கிறது, ஆனால் 2024/1264 அதைத் திருத்தியிருக்கிறது. பழைய பாடத்திட்டத்திலுள்ள இணைப்பு இன்னும் திறக்கும். நடைமுறையில் இல்லை என்ற குறிப்பு தலைப்பருகே இருக்கும், பி.டி.எஃப். கோப்பை மட்டும் இறக்கியவர் அதைக் காணமாட்டார். புதிய முறையில், அரசின் செலவு ஆண்டுதோறும் எவ்வளவு கூடலாம் என்று வரையறுக்கும் நிகரச் செலவுப் பாதைதான் மையம்: சீராக்கக் காலம் 4 ஆண்டு, சீர்திருத்தங்களுக்கு உறுதியளித்தால் 7 வரை நீளும். கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 வீதத்தைத் தாண்டினால் ஆண்டுக்குச் சராசரியாக 1 வீதப் புள்ளி, 60க்கும் 90க்கும் இடையிலென்றால் 0.5 குறைய வேண்டும். பற்றாக்குறைக்கு 3 வீதம், கடனுக்கு 60 வீதம் என்ற பழைய வரம்புகளைத் தேடி ஒழுங்குவிதிகளைப் புரட்ட வேண்டாம். அவை ஒன்றிய ஒப்பந்தங்களோடு இணைந்த 12ஆம் இலக்க நெறிமுறையில் இருக்கின்றன.

நெருக்கடியிலுள்ள யூரோ நாடுகளுக்குக் கடன் தரும் ஐரோப்பிய உறுதிப்பாட்டுப் பொறிமுறை ஒப்பந்தமும் 2012இன் நிதி உடன்படிக்கையும் அரசுகளுக்கிடையிலானவை, ஒன்றியச் சட்டவாக்கம் அல்ல. 3இல் தொடங்கும் இலக்கத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை. முதலாவது ஒன்றியச் சட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆராய்ந்த பிரிங்கிள் தீர்ப்பு, 370/12, யூர்-லெக்ஸில் உண்டு. ஒப்பந்தத்தை அந்தப் பொறிமுறையின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து, இரண்டையும் ஒரே கோப்பில் மாணவருக்குக் கொடுப்பது நல்லது.