குளோபெட்டசால் ஆயின்மென்ட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கெண்டைக்காலிலும் புறங்கையிலும் எக்சிமா என்ற தோல் அழற்சி எனக்குப் பல வருடங்களாக வருவதும் போவதுமாக இருக்கிறது. தோல் தடித்துக் கறுத்துப்போகும், ராத்திரியில் அரிப்பு தூங்கவிடாது. அது கிளம்பும்போதெல்லாம் தோல் மருத்துவர் எழுதித் தருவது குளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05% ஆயின்மென்ட். பூசும் ஸ்டீராய்டுகளில் மிக அதிக வீரியமுள்ள வகை அது. என்னைப் பொறுத்தவரை நல்ல மருந்து. ஆனால் எங்கே பூசுவது, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ட்யூபைத் திறக்க வேண்டும்.

0.05 என்ற எண்ணைப் பார்த்து இது லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்று போட்டிருந்தாலும் அதுதான் மிதமான மருந்து. வீரியத்தை முடிவு செய்வது மருந்தின் பெயர், சதவீதம் அல்ல.

எனக்கு அதிகம் உதவியது விரல் நுனி அளவு. சாதாரண ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பு முதல் நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். மணிக்கட்டிலிருந்து விரல்வரை ஒரு கையின் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு விரல் நுனி, பாதம் நீங்கலாக ஒரு கால் முழுவதற்கும் ஆறு. ஸ்டீராய்டு என்ற பயத்தில் சிலர் தொட்டும் தொடாமலும் பூசுகிறார்கள். அழற்சி பாதிதான் அடங்கும், அதனால் மாதக்கணக்கில் பூச வேண்டிவரும், கடைசியில் பயந்த பக்கவிளைவே வந்து சேரும். சரியான அளவில் பூசிச் சீக்கிரம் முடிப்பதுதான் பாதுகாப்பு.

நான் பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் ராத்திரி ஒரு வேளை பூசுவேன். தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் போவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு வாரத்துக்கு 50 கிராம்தான் உச்ச வரம்பு, அதையெல்லாம் நான் நெருங்கியதே இல்லை. அரிப்பு முதல் சில நாட்களிலேயே அடங்கிவிடும். அதை நம்பி நிறுத்தினால் சீக்கிரமே திரும்பி வரும், ஏனென்றால் தோலுக்குள் அழற்சி இன்னும் இருக்கிறது. நிறுத்துவதற்கு முன், விரலால் தடவும்போது பக்கத்துத் தோலைப் போலவே வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். நிறம் மாறப் பல மாதம் ஆகும், அதற்காகப் பூசிக்கொண்டே இருக்கக் கூடாது.

அப்புறம் நிறுத்தும் விதம். எனக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, பிறகு வழக்கமாக வரும் இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசச் சொன்னார். இந்த முறைக்கு வந்தபின் எக்சிமா கிளம்புவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாய்ஸ்சரைசர் மட்டும் தினமும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் இடைவெளி விடுகிறேன்.

முகம், கண் இமை, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இதைப் பூசவே கூடாது என்பதை எவ்வளவு அழுத்தினாலும் தகும். 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து நடந்த ஆய்வில், முன்கையை விட நெற்றி ஆறு மடங்கு, விதைப்பை 42 மடங்கு மருந்தை உறிஞ்சியது. உள்ளங்காலோ முன்கையில் ஏழில் ஒரு பங்குதான். அதனால்தான் ஒரே ட்யூப் காலில் மருந்தாகவும் முகத்தில் கெடுதலாகவும் ஆகிறது. முகத்தில் தொடர்ந்து பூசியவர்கள் நிறுத்தியதும் தோல் சிவந்து எரிந்து அவதிப்படுவதுண்டு. எனக்கு இமையில் வந்தபோது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ்தான் கொடுத்தார்கள்.

மணிக்கட்டின் உட்பக்கம் ஒருமுறை தோல் மெலிந்து பளபளப்பாகத் தெரிந்தது. அந்த இடத்தில் உடனே நிறுத்தச் சொன்னார்கள், மெல்லத் தேறியது. ஆரம்பத்தில் கவனித்தால் தோல் மெலிவது பெரும்பாலும் சரியாகும், வரிவரியான தழும்பு விழுந்துவிட்டால் மறையாது. பூசிய இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றினால் மருந்து பல மடங்கு உள்ளே போகும், மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

உறவினர்கள் கேட்டாலும் என் ட்யூபைக் கொடுப்பதில்லை. மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுக்கு இருப்பது படர்தாமரையாக இருந்தால், முதலில் அரிப்பு குறைந்து குணமானது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வட்டத்தின் விளிம்பும் மங்கிவிடுவதால் பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம்.

பூசும் இடத்தில் மஞ்சள் பொருக்கோ சீழோ வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றாலும் அடுத்த ட்யூப் வாங்காமல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.