டோக்கியோ பொதுக் குளியலகம்: ஏழு வயது மகனோடு செல்பவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள, ஜப்பானியர் ‘செந்தோ’ என்றழைக்கும் பொதுக் குளியலகத்துக்கு மூன்று ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். வெந்நீருக்கும் தூய்மைக்கும் குறை சொல்ல முடியாது. கட்டணம் டோக்கியோ முழுவதற்கும் பொதுவானது.

மகனுக்கு ஏழு வயதானபோதுதான் சிக்கல் தொடங்கியது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் தாயுடன் பெண்கள் பகுதிக்குள் செல்வதை முன்பு அனுமதித்த டோக்கியோ விதி, 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சகம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியதை அடுத்து, 2022 ஜனவரி 1 முதல் அந்த வரம்பை ஏழாகக் குறைத்துவிட்டது. அந்த வயதிலேயே பிள்ளைகளுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது என்பதே காரணம். என் மகனும் ஆறரை வயதிலேயே உடை மாற்றும் அறையில் துண்டை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்கத் தொடங்கியிருந்தான் என்பதால், விதியின் மீது எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் இக்குளியலகம் அதைக் கையாளும் விதத்தின் மீதுதான். அறிவிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும், அதுவும் காலணிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. பணம் செலுத்திய பிறகே எங்களைத் தடுத்து, பையனைத் தனியாக ஆண்கள் பகுதிக்கு அனுப்பலாம் என்றார் முகப்பிலிருந்தவர். வழுக்கும் தரையும் கொதிக்கும் தொட்டியும் உள்ள இடத்தில் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்குப் பணிவான தலைவணக்கம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. கட்டணத்தை மட்டும் உடனே திருப்பித் தந்தார்கள். குடும்பங்களுக்கென ஒரு சிறிய தனியறையாவது ஒதுக்கியிருக்கலாம்.

இப்போது ஞாயிறுதோறும் அவன் அப்பாவுடன் செல்கிறான். தந்தை உடன் வர இயலாத வீட்டினர் முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது.