ஜெப்பர்டி: அறிவோடு விரலுக்கும் சோதனை

1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஜெப்பர்டி' வினாடி வினாவில் விடையைக் குறிப்பாகத் தந்துவிட்டு, போட்டியாளரைக் கேள்வி வடிவில் பதில் சொல்ல வைக்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு இது வெறும் குறும்பாகவே தோன்றும். உண்மையான சோதனை கையிலுள்ள பொத்தானில்தான் இருக்கிறது. தொகுப்பாளர் குறிப்பை முழுவதுமாக வாசித்து முடித்து, பலகையின் ஓரத்து விளக்குகள் எரிந்த பின்னரே அதை அழுத்த வேண்டும். அவசரப்பட்டவரின் பொத்தான் கால் நொடி முடங்கிவிடுவதால், விடை தெரிந்திருந்தும் வாய்ப்பு பக்கத்தில் நிற்பவரிடம் போய்விடுகிறது. பொது அறிவுப் போட்டியில் விரல் வேகத்துக்கு இவ்வளவு இடம் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் பொத்தானுக்கே வேலையில்லை: தலைப்பை மட்டும் பார்த்துப் பந்தயத் தொகையை முடிவு செய்து, பிறகு 30 நொடிகளுக்குள் விடையை எழுத வேண்டும். துணிச்சலும் கணக்கும் மோதும் அந்தப் பகுதிக்காகவே நிகழ்ச்சியைத் தாராளமாகப் பார்க்கலாம்.